மேவிஸ் பாட்டைப் பாடியவர்

இடைவேளை முடிந்து விளக்கை அணைத்துவிட்டார்கள், இனி ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி பத்து நிமிடம், அதற்குள் பிலோமினாவை இந்த நாற்காலியிலிருந்து கிளப்பி வெளியே கொண்டுபோய்விட வேண்டும், படம் முடிவதற்கு முன்னால், கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால். அவளோ மடியில் கைப்பையை வைத்து, கைப்பையின் மேல் பாப்கார்ன் டப்பாவை வைத்து, செருப்பையும் கழற்றிவிட்டு, குடியிருக்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டாள் என்றால் லேசில் எழுந்திருக்க மாட்டாள், கோயிலில் மூன்று சாமியார்கள் வைக்கும் பாடற்பூசைக்குத்தான் இப்படிக் கழற்றுவாள். பழைய பிலோமினாவாக இருந்தால் எனக்குக் கவலையே இல்லை, போன பங்குனி வரைக்கும் அவளுக்கு எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்பதே நான் சொல்லித்தான் தெரியும், இப்போது இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, எடுத்த நாளிலிருந்து எழுத்து என்று எங்கே எதைப் பார்த்தாலும் படிக்கிறாள், பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், மின்கம்பத்தில் ஒட்டிய மூலநோய் நோட்டீஸ், கல்லறையில் பக்கத்துக் குடும்பத்தாரின் பிறப்பு இறப்பு எல்லாம். ஆபரேஷன் செய்துகொள் செய்துகொள் என்று கூட்டிக்கொண்டு அலைந்தவன் நான்தான். படம் முடிந்ததும் அந்தத் திரையில் ‘பாடியவர்’ என்று ஒரு வரி வரும், அதற்கு நேரே சவரிநாதன் என்று இருக்காது, டெரிக் ரொசாரியோ என்று இருக்கும், ஏனென்றால் பாடியவன் டெரிக் ரொசாரியோதான். நான் பாடியதாக நாற்பத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் அந்தப் பேப்பர்க்காரன் செய்த வேலை. பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்து ஆளாகும் ஒரு பையனைப் பற்றி யாரோ ஒரு டைரக்டர் படம் எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும், அந்தக் காலத்து ராக் அண்ட் ரோல் பாட்டாகப் பார்த்துப் போட்டால் போட்டுக்கொள்ளட்டும், அதற்காக அரைப் பக்கம் எழுத வேண்டுமா, காலனி இளைஞர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் சொந்தமாகக் கட்டிப் பாடிப் பதிவு செய்த மேவிஸ் பாட்டு, ஐம்பது வருஷத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து வீடொன்றின் பரணிலிருந்து கிடைத்தது, அப்படியே அசல் பதிவையே படத்தில் சேர்த்திருக்கிறோம், அதில் பங்கெடுத்த ஒவ்வொருவர் பெயரும் படத்தின் கடைசியில் வரும் என்று. ஒவ்வொருவர் பெயரும். காப்பி டம்ளரோடு அதைப் படித்ததும் பேப்பரை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் செருகினேன், அரை மணி நேரத்தில் பிலோமினா அரிசி எடுக்கப் போய் அதைக் கண்டுபிடித்து, அரிசியை அளக்காமலே, நின்ற இடத்தில் நின்று ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்துவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மாதா சபைப் பெண்கள் வந்து கை கொடுத்தார்கள். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார், நின்றேன், தேவனுடைய ஆலயத்தில் பொய்க்கு எழுந்து நின்றேன், அன்றைக்கு முட்டி வலி என்று உட்கார்ந்தவன் அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கும் போகவில்லை. பெங்களூரிலிருந்து மகள் ஷீலா ஃபோனிலேயே டிக்கெட் எடுத்து அனுப்பினாள், அப்பா, நடுவில் நல்ல இடமாகப் போட்டிருக்கிறேன் என்றாள். நடுவில் நல்ல இடம் என்றால் எழுந்து போக இந்தப் பக்கம் பதினோரு பேர் கால், அந்தப் பக்கம் பத்துப் பேர் கால்.

ஆனாலும் நான் தைரியமாகத்தான் வந்தேன். நம் ஜனங்களை நம்பி வந்தேன். நம் ஊரில் எவனாவது பெயர் ஓடும்போது உட்கார்ந்து பார்த்திருக்கிறானா, கதாநாயகனும் கதாநாயகியும் சேர்ந்து நிற்கும்போதே பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், மீதிப் பேர் ஸ்கூட்டர் சாவியைத் தேடுவார்கள், ஆபரேட்டரும் விளக்கைப் போட்டுப் படத்தை அறுத்துவிடுவார், எழுபது வருஷமாக நான் கண்ட வழக்கம் இது, சினிமாவில் கேமரா பிடித்தவனுக்குக் கூடத் தன் பெயர் வருவது தெரியாது. அதைக் கொஞ்சம் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று இடைவேளையில் டார்ச் லைட் வைத்திருந்த ஆளைத் தனியாக அழைத்துக் கேட்டேன், “ஏம்ப்பா, கடைசியில பேரு ஓடுறப்ப நிறுத்திருவீங்கள்ல?” அவன் என்னமோ நான் அவனைப் பரீட்சை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். “நிறுத்த மாட்டோம் சார். இந்தப் படத்துக்கு மட்டும் நிறுத்தவே கூடாதுன்னு ஆர்டர். முழுப் பாட்டும் அப்பத்தான் சார் வருது. ஜனங்க ஒருத்தரும் எந்திரிக்கிறதில்ல, உக்காந்து கேட்டு, கை தட்டிட்டுத்தான் போறாங்க” என்றான். என்றைக்கும் இல்லாத ஒழுக்கம் இந்த ஊருக்கு இன்றைக்கு வந்திருக்கிறது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது, இருப்பதிலேயே பெரிய கப்பாக ஒரு கூல்டிரிங்க்ஸ் வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன், அதைக் குடித்தால் படம் முடியுமுன் ஒரு தடவையாவது எழுந்து போய்த்தான் ஆகவேண்டும், கூடவே நானும் போவேன், அப்படியே வாசல், அப்படியே ஆட்டோ. அவள் இரண்டு மடக்கு உறிஞ்சிவிட்டு, “பல்லு கூசுது, நீங்களே குடிங்க, வீணாக்கக் கூடாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள், நானும் யோசனையில் உறிஞ்சி உறிஞ்சி, அடியில் இருந்த ஐஸ் வரைக்கும் குடித்து முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. எனக்கு எழுபத்து நான்கு வயது, புராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், மேலே குளிர்சாதனக் காற்று நேரே என் அடிவயிற்றைப் பார்த்து வருகிறது.

திரையில் பையன் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறான், இருமுகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள். பொன்மலையை நன்றாகத்தான் எடுத்திருக்கிறான் படுபாவி, சிவப்பு ஓட்டு வீடுகள், வேலி ஓரம் கொன்றை மரம், ஒர்க்ஷாப் சங்கு ஊதியதும் சைக்கிள் வெள்ளம், சங்கு மட்டும் தப்பு, எங்கள் சங்குக்குக் குரல் கட்டியிருக்கும், இது ஏதோ கப்பல் சங்கு. பையனின் பேண்ட்டும் தப்பு, அந்த அகலத்துப் பேண்ட் எழுபத்து நான்கில்தான் வந்தது, பாக்கியம் டெய்லரிடம் முதலில் தைத்தவன் டெரிக். டெரிக் எதிலும் முதல். ஆங்கிலோ இந்தியக் குடும்பம், அப்பா மெயில் வண்டி டிரைவர், வீட்டில் பியானோ, ஞாயிற்றுக்கிழமை கறி உருண்டை போட்ட பந்து குழம்பு மஞ்சள் சோறு, சனிக்கிழமை ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் டான்ஸ், நான் அப்போது ஒர்க்ஷாப்பில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஆர்மேச்சர் செக்‌ஷனில் அப்பரண்டிஸ், அவன் வாத்தியக் கோஷ்டிக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு ஃபியூஸ் போனால் என்னைக் கூப்பிடுவார்கள் என்பதுதான். அந்தச் சனிக்கிழமையும் அதற்குத்தான் கூப்பிட்டார்கள். தலைமை டிராஃப்ட்ஸ்மேன் தன் டேப் ரெக்கார்டரை இரண்டு மணி நேரத்துக்கு இரவல் கொடுத்திருந்தார், மேவிஸ் என்று ரிசர்வேஷன் கவுண்டரில் ஒரு பெண், அவள் மேல் டெரிக் கட்டின பாட்டு, ஓ மேவிஸ், ஜன்னலைச் சாத்தாதே மேவிஸ், உன் அடுத்த வண்டியில் எனக்கொரு இடம் போடு மேவிஸ் என்று வரும், இங்கிலீஷில் கேட்க நன்றாக இருக்கும். ரெக்கார்டரின் பிளக்கை யாரோ தொலைத்துவிட்டார்கள். நான் ஒயரின் இரண்டு முனையையும் சீவி, சுவரிலிருந்த ஓட்டையில் விட்டு, தீக்குச்சி வைத்து அடைத்தேன், நம் நாட்டில் எல்லாரும் செய்வதுதான், ஆனால் டிரம்ஸ் அடிக்கிற அடியில் தரை அதிர்ந்து தீக்குச்சி தெறித்துவிடும், பாட்டு நின்றுவிடும், மூன்று தடவை நின்றது, டேப்பும் இனி ஒரு பாட்டுக்குத்தான் மிச்சம். டெரிக் வந்து என் தோளைப் பிடித்தான். “சவரி, நீ புடிச்சுக்க மேன். கீழ உக்காந்து ரெண்டு ஒயரையும் அமுக்கிப் புடிச்சுக்க. விட்டேன்னா சாங் காலி மேன்.” பிடித்துக்கொண்டேன். மேஜைக்கு அடியில் குத்துக்காலிட்டு, கையில் ஒரு பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டு, இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. நடுவில், இரண்டாவது அடி முடிந்து கிட்டார் மட்டும் போகும் இடத்தில், டியூப் நழுவிவிட்டது. ஐயோ என்று கத்தினேன். ஒயரை விடவில்லை, அதை இன்றைக்கும் மார் தட்டிச் சொல்வேன், ஆனால் ஐயோ டேப்பில் ஏறிவிட்டது. டேப்பும் தீர்ந்துவிட்டது. டெரிக் கேட்டுப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான், இருக்கட்டும் மேன், நல்லாத்தான் இருக்கு என்றான்.

வந்துவிட்டது. சொல்லச் சொல்ல வந்துவிட்டது, திரையில் பையன் இன்ஸ்டிடியூட் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான், உள்ளே ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள், டிரம்ஸ், டெரிக்கின் கிட்டார், ஓ மேவிஸ். ஐம்பது வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறேன். என்ன குரல்! எனக்குப் பக்கத்தில் பிலோமினா ஆடாமல் அசையாமல் இருக்கிறாள், அவள் இதுவரை இந்தப் பாட்டைக் கேட்டதில்லை, டெரிக் எழுபத்து நான்கில் டேப்பையும் எடுத்துக்கொண்டு கப்பலேறிவிட்டான், எனக்குக் கல்யாணம் எழுபத்தெட்டில், சாட்சியும் இல்லை சான்றும் இல்லை என்றுதான் நானும் துணிந்தேன். இதோ ஐயோ வரப்போகிறது, கிட்டார், கிட்டார், ஐயோ! அரங்கம் முழுக்க விசில். பின்வரிசையில் காலேஜ் பிள்ளைகள் எழுந்து நின்று ஐயோ ஐயோ என்று கூடவே கத்துகிறார்கள், அவர்களுக்கு இது பழக்கம் போலிருக்கிறது, இரண்டாம் தடவை மூன்றாம் தடவை பார்க்கிறவர்கள், என் கரண்ட் ஷாக்குக்கு இத்தனை ரசிகர்கள். பிலோமினா என் கையைப் பற்றிக்கொண்டாள். இருட்டில் அவள் கன்னம் மினுங்குகிறது, அழுகிறாள். “எவ்ளோ நல்ல குரலுங்க உங்களுக்கு” என்கிறாள் காதோரம். நான் தலையை ஆட்டுகிறேன், வேறு என்ன செய்ய. பெர்த்தில் எங்கேயோ பதிமூன்று வருஷமாகப் புதைந்து கிடக்கும் ஒருத்தன் மேல் எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது. என் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அவனுக்காக அழுகிறாள், அதற்கு ஏற்பாடு செய்தவனும் நான்தான்.

பெண் பார்க்கப் போன அன்று நான் பாடுகிறவன் என்று முதலில் சொன்னது நான் இல்லை, கல்யாணத் தரகர் லூர்து, அவர் எந்த மாப்பிள்ளைக்கும் வீடு, நிலம், குணம் மூன்றில் ஒன்றாவது சொல்வார், எனக்கு மூன்றில் ஒன்றும் தேறவில்லை போலிருக்கிறது, பாட்டு என்று சொல்லிவைத்தார். புள்ளம்பாடியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், மாமனார் உபதேசியார், கையில் ஜெபப் புத்தகம், மாப்பிள்ளை பாடுவாராமே, ரெக்கார்டெல்லாம் ஆயிருக்காமே என்றார். கதவுக்குப் பின்னால் புடவை அசைந்தது. அதற்குப் பின்னால் யாரோ கிசுகிசுவென்று சொல்ல, சின்னப் பெண் ஒருத்தி ஓடிவந்து, “அக்கா கேக்குது, இங்கிலீஷ்ல பாடுவீங்களான்னு” என்றாள். அந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல எந்த ஆண்பிள்ளையால் முடியும். மேஜைக்கு அடியில் இருந்தேன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து புடவை போயிருக்கும். ஆமாம், நான்தான் பாடினேன் என்றேன். ஒரே ஒரு ஆமாம். அதற்குப் பிறகு அதைக் கட்டிக் காப்பதுதான் ஒரு பிழைப்பாகப் போயிற்று, கோயில் பாடற்குழுவில் சேரச் சொன்னால் தொண்டையில் கட்டி, ஷீலாவின் புதுநன்மை விருந்தில் பாடச் சொன்னால் பித்தம், பேரப்பிள்ளை கேட்டால் தாத்தாவுக்கு மூச்சு. பிலோமினா மட்டும் ஒரு நாளும் பாடச் சொன்னதில்லை. யாராவது என்னை வற்புறுத்தினால் கூட அவள் முகம் மாறிவிடும், பேச்சைத் திருப்பிவிடுவாள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், நமக்கு வாய்த்தவள் தொந்தரவு இல்லாதவள் என்று நானும் இருந்துவிட்டேன்.

திரையில் என்ன நடக்கிறது, பையனின் சிநேகிதி குடும்பத்தோடு கப்பலேறப் போகிறாள், ஸ்டேஷனில் அழுகை, அப்படியென்றால் முடிவு நெருங்கிவிட்டது, இன்னும் பத்து நிமிடம், அதிகம் போனால் பன்னிரண்டு. அடிவயிற்றில் கூல்டிரிங்க்ஸ் முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. “பிலோ, போலாமா, மழை வர்ற மாதிரி இருக்கு” என்றேன். “சித்திரையில என்ன மழை, சும்மா இருங்க” என்றாள். “இப்பப் போனாத்தான் ஆட்டோ கிடைக்கும்” என்றேன். “அந்தப் பொண்ணு போறாளா இல்லியான்னு பாக்க வேணாமா” என்றாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லலாம், சொன்னால் எழுந்துவிடுவாள், ஆனால் அதோடு விடமாட்டாள், ஆம்புலன்ஸ் வரும், ஈ.சி.ஜி எடுப்பார்கள், ஷீலா பெங்களூரிலிருந்து காரில் வருவாள், இல்லாத வலிக்கு என் நெஞ்சைத் திறந்து பார்த்தாலும் பார்ப்பார்கள். ஒரு பொய்க்கு நாற்பத்தாறு வருஷம் உழைத்தாயிற்று, இன்னொன்றுக்கு உழைக்க ஆயுசு இல்லை. காலை மடக்கி உட்கார்ந்தேன், நீட்டி உட்கார்ந்தேன், ஒரு பரலோக மந்திரம் சொன்னேன், திரையில் சரியாக அந்த நேரம் பார்த்துப் பையன் ஆற்றில் குதிக்கிறான், காவேரி முழுக்கத் தண்ணீர், டிஜிட்டலில் தண்ணீர் சத்தம், சளசளவென்று, நான்கு பக்கமும். முடியாது. இனி ஒரு விநாடி முடியாது. எழுந்தேன். “எங்க போறீங்க, உங்க பேரு வரப்போவுது!” என்று பிலோமினா சட்டையைப் பிடித்தாள். “இதோ வந்துர்றேன்” என்று பதினோரு பேர் காலையும் மிதித்துக்கொண்டு ஓடினேன்.

கக்கூஸில் வெள்ளை ஓட்டுக்கு முன்னால் நிற்கிறேன், வருவதும் இல்லை நிற்பதும் இல்லை, இந்த வியாதியின் அழகே அதுதான், ஓடிவரச் சொல்லும், வந்த பிறகு யோசிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ். ஓ மேவிஸ். ஆரம்பித்துவிட்டது, பெயர்கள் ஓடுகின்றன, இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடினால் நடுவில் போய் அவள் கண்ணெதிரே நின்றுகொள்ளலாம், மறைக்கலாம், மறைக்க முடியாது, திரை முப்பதடி. நடிகர்கள் முதலில், பிறகு கேமரா, பிறகு சண்டை, பிறகு துணிமணி, பாட்டு எப்போது வரும். இப்போது வந்திருக்கும். இப்போது படித்திருப்பாள். சுவர் வழியாக ஐயோ வந்தது, கூடவே நூறு பேர் ஐயோ. நானும் இங்கே நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்து, “கல்லா சார்? எனக்கும் இருந்துச்சு. வாழைத்தண்டு ஜூஸ் குடிங்க” என்றார். கைதட்டல் கேட்டது. கைகழுவும் இடத்தில் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன், பாடகன் மாதிரி இல்லை, பாடகனை அடையாளம் காட்டச் சொல்லி அழைத்துவரப்பட்டவன் மாதிரி இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஒர்க்ஷாப்பில் ஒரு முறை கிரேன் சங்கிலி அறுந்து என் காலடியில் விழுந்தது, அன்றைக்குக் கூட இப்படிப் பயப்படவில்லை.

உள்ளே விளக்கு போட்டுவிட்டார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். துடைப்பத்தோடு இரண்டு பெண்கள் முன்வரிசையிலிருந்து பெருக்கிக்கொண்டு வருகிறார்கள், நடுவில் வெறுங்காலோடு பிலோமினா நிற்கிறாள், டார்ச் லைட்காரனின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். “வாங்க” என்றாள் என்னைப் பார்த்ததும். “உங்களுக்குப் பண்ணியிருக்கிற அநியாயத்தப் பாத்தீங்களா? ஒரு பேரு விடாமப் படிச்சேன். பாடியவர்னு அந்த டெரிக் பேரைப் போட்டுருக்கான்! உங்க பேரு எங்கயுமே இல்ல. சாப்பாடு போட்டவன் பேரு இருக்கு, நாய் கூட்டியாந்தவன் பேரு இருக்கு, நாய் பேரே இருக்கு. தம்பிகிட்ட மேனேஜரக் கூப்பிடுன்னு சொல்லிட்டேன். ஷீலாவுக்கும் போன் போட்டுட்டேன், அவ சிநேகிதி வக்கீலாம், கேஸ் போடலாம்கிறா. விடக் கூடாதுங்க. உங்க குரலத் திருடியிருக்கானுங்க.” டார்ச் லைட்காரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “ஐயா, நீங்களா சார் பாடுனது?” என்றான்.

இந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் இப்படி ஒரு கதவு இருப்பது தெரியவில்லை, அவள் என்னைச் சந்தேகப்படுவாள் என்று மட்டும்தான் பயந்தேன், சினிமாக்காரனைச் சந்தேகப்படுவாள் என்று நினைக்கவில்லை. நான் ஒன்றுமே சொல்ல வேண்டாம். பெருமூச்சு ஒன்று விட்டால் போதும், விடு பிலோ, பெயரில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை, டெரிக் செத்துவிட்டான், டிரம்ஸ் அடித்தவன் எங்கே என்றே தெரியாது, இனி சாகும்வரை நான் மோசம்போன கலைஞன், மாதா சபைப் பெண்கள் மறுபடி வருவார்கள், சாமியார் மறுபடி எழுந்து நிற்கச் சொல்வார். வாயைத் திறந்தேன் அப்படிச் சொல்லத்தான். அவள் காலைப் பார்த்தேன். சிந்திக்கிடந்த பாப்கார்ன் மேல், யாரோ கொட்டிய கலர் மேல், வெறுங்காலோடு நிற்கிறாள், அறுபத்தெட்டு வயது, சர்க்கரை இருக்கிற கால், எனக்காகச் சண்டை போடச் செருப்பைப் போடக்கூட மறந்து நிற்கிறாள்.

“பிலோ, நான் பாடல” என்றேன்.

“என்னது?”

“பாடுனது டெரிக்தான். பேரு சரியாத்தான் போட்டுருக்கான். நான் கரண்ட் ஒயரப் புடிச்சுக்கிட்டு மேஜைக்கு அடியில உக்காந்திருந்தேன். நடுவுல ஒரு ஐயோ வருதுல்ல, அது மட்டும்தான் நான்.”

அவள் டார்ச் லைட்காரனின் சட்டையை விட்டாள். அவன் ஓடியே போய்விட்டான். பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள், புரை எடுத்த கண்ணால் முழுசாக, எனக்கு ஒளிய இடமில்லை. துடைப்பக்காரப் பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். திட்டப்போகிறாள், அழப்போகிறாள், தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று நின்றேன். கடைசியில் சின்னக் குரலில், “அப்ப என்னால இல்லியா?” என்றாள்.

“எது உன்னால?”

“நீங்க பாட்ட விட்டது. கல்யாணமாகி மொத மாசம் நாந்தானே சொன்னேன், சனிக்கெழம சனிக்கெழம இன்ஸ்டிடியூட்டுக்குப் போவாதீங்க, எனக்குப் புடிக்கலன்னு. அடுத்த வாரமே நிறுத்திட்டீங்க. அதுக்கப்புறம் ஒரு வரி கூட வாயத் தொறந்து பாடல. ஒரு மனுசனோட தொண்டைய நெரிச்சுப்புட்டேனேன்னு நான் அழாத நாளு இல்ல. வேளாங்கண்ணிக்குப் போறப்பல்லாம் தனியா ஒரு மெழுகுவத்தி ஏத்துறேனே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?”

டான்ஸுக்குப் போகாதே என்று அவள் சொன்னதே எனக்கு மறந்துவிட்டிருந்தது, சொன்ன அன்றைக்கு நிம்மதியாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது, இனி யாரும் நம்மை மேடைக்கு இழுக்க மாட்டார்கள் என்று. என் பொய்யை நான் ஒருத்தன்தான் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதிப் பாரம் அவள் தலையில் இருந்திருக்கிறது, அதுவும் கனமான பாதி. மன்னித்துக்கொள் பிலோ என்று சொல்ல நினைத்து, “செருப்பப் போட்டுக்க” என்றேன்.

போட்டுக்கொண்டாள். எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டாள், தலையிலிருந்து விறகுக் கட்டை இறக்கிய மாதிரி. “எத்தன தடவ நாக்கு நுனிவரைக்கும் வந்தத முழுங்கியிருக்கேன் தெரியுமா?” என்றாள். “இந்த மனுசன் எனக்காகப் பாட்டையே விட்டவரு, ஈரத் துண்டக் கட்டில்ல போட்டா போட்டுட்டுப் போறாருன்னு. எங்க அண்ணன மூஞ்சி குடுத்துப் பேசலன்னா பரவால்லன்னு. சம்பள நாளு சம்பள நாளு சீட்டாடிட்டு வந்தப்பக் கூட, பாட்ட விட்ட துக்கத்த எப்புடித்தான் ஆத்துவாருன்னு சோத்தப் போட்டேன்யா!” நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என்னை யா என்றாள். படியிறங்கினோம், கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் வழக்கம்போல என் முழங்கையை. “எழுவத்தெட்டு, கிறிஸ்துமஸ்” என்று ஆரம்பித்தாள். “எங்கப்பா பலகாரத்தத் தூக்கிட்டு வெயில்ல நடந்து வந்தாரு, நீங்க எந்திரிச்சு ஒரு வாங்கன்னு சொன்னீங்களா?” இல்லை என்று ஒப்புக்கொண்டேன். எழுபத்தொன்பது வந்தது, அதில் மட்டும் நான்கு சம்பவம், எல்லாம் உண்மை, ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. ஆட்டோக்காரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்துவிட்டு, மடியில் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டே வந்தேன். ஜங்ஷனைத் தாண்டும்போது அவள் எண்பத்து மூன்றுக்குத்தான் வந்திருந்தாள்.